பழைய வேக்குவம் மவுண்டிங் பிரஸ்: வாங்குமுன் சோதிப்பதும் வாங்கியபின் பராமரிப்பதும்

படங்களை போர்டில் ஒட்டி ஃபிரேம் போடும் வேலையில் இறங்குகிறவர்கள், கொஞ்ச நாளிலேயே, காற்றை உறிஞ்சியெடுத்துச் சூட்டோடு அழுத்தி ஒட்டும் வேக்குவம் பிரஸ் ஒன்று வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். பெரிய போஸ்டரைக் கையால் ஒட்டி, குமிழியைத் துணியால் தேய்த்துத் தேய்த்து வெளியேற்றும் பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. புதிய மெஷின் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பழையது வாங்குவதில் தவறே இல்லை, ஏனென்றால் இந்த மெஷினின் இரும்பு உடம்பு பல பத்தாண்டுகள் தாங்கும். தேய்வதும் சாவதும் ரப்பர், பம்ப், ஹீட்டர், தெர்மோஸ்டாட் ஆகியவைதான். விற்கிறவர் துடைத்துப் பளபளப்பாக்கிக் காட்டுவது உடம்பை. நாம் பார்க்கவேண்டியது மற்றதை.

சோதிக்கப் போகும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மெஷினில் இருக்கும் கேஜையும் டயலையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அவையும் அதே வயதுடைய பழைய பாகங்கள்தான். ஒரு வேக்குவம் கேஜ், அதைப் பொருத்த ஒரு டி-ஜாயின்ட், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயர் உள்ள மல்ட்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு மீட்டர் நீள மெல்லிய டியூப், கொஞ்சம் போர்டும், டிரை மவுண்ட் டிஷ்யூவும் (சூட்டில் இளகி ஒட்டும் பசைத் தாள்), தேவையில்லாத சில பிரிண்ட்களும் கையோடு எடுத்துப் போங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் மெஷினோடு இருக்க விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். "பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க, போதும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடத்தில் இந்த மெஷின் முழுதாகச் சூடாகக்கூட ஆகாது.

உள்ளே நடப்பது என்ன

மூடிக்கும் படுகைக்கும் நடுவில் பிரிண்ட், டிஷ்யூ, போர்டு மூன்றையும் வைத்து மூடுகிறோம். பம்ப் உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று ரப்பர் ஷீட்டை அமுக்குகிறது. ஆக, அழுத்துவது பம்ப் அல்ல, நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான். அந்த எடையை லேசாக நினைக்கவேண்டாம். கேஜ் 25 அங்குலம் காட்டினால் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 12 பவுண்டு அழுத்தம் விழுகிறது. 36க்கு 48 அங்குலப் படுகை முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஒன்பதரை டன். அதுவும் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். திருகிப் பிழியும் மெக்கானிக்கல் பிரஸ்ஸால் இவ்வளவு பெரிய பரப்பில் இதைச் செய்வது கஷ்டம்.

கேஜில் இருக்கும் அங்குலம் பாதரச அங்குலம். 1643இல் தொரிசெல்லி பாதரசக் குழாயைத் தலைகீழாக நிறுத்திக் காற்றின் எடையை அளந்த முறையிலிருந்து வந்த அளவு அது. கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் என்றால் 29.92 அங்குலம், அதாவது 760 மில்லிமீட்டர். உயரம் கூடக்கூடக் காற்றின் எடை குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் என்று கழித்துக்கொள்ளலாம். 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கடையில் எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் 23.5 அங்குலத்தைத் தாண்டாது. அங்கே 22 காட்டினால் பம்ப் அருமையாக இருக்கிறது என்று பொருள். அதே 22ஐக் கடலோரத்தில் பார்த்தால் ஏதோ கசிகிறது என்று சந்தேகப்படவேண்டும்.

ஸ்விட்ச் போடுவதற்கு முன்

முதலில் பெயர்ப் பலகையைப் படியுங்கள். வோல்டேஜ், வாட்ஸ், ஃபேஸ் மூன்றும் அதில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷினை 220 வோல்ட்டில் செருகினால் ஹீட்டருக்குள் நான்கு மடங்கு பவர் பாயும். ஒரே முறைதான், அத்தோடு முடிந்தது. மெஷினின் இரும்பு உடம்புக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஓர் ஓமுக்கும் குறைவாக வரவேண்டும். வராவிட்டால் அதைச் சரிசெய்த பிறகே கரண்ட். சூடும் ஈரமும் இரும்பும் சேர்ந்த மெஷின் இது, எர்த் விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம்.

அப்படியே ஹீட்டரின் ஓம்ஸையும் அளந்துவிடலாம். வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி வாட்ஸால் வகுத்தால் இருக்கவேண்டிய ஓம்ஸ் கிடைக்கும். 230 வோல்ட், 2300 வாட்ஸ் என்றால் 23 ஓம். 46 காட்டினால், இணையாக ஓடும் இரண்டு எலிமென்ட்டில் ஒன்று அறுந்திருக்கிறது. இதை மெஷினைச் சூடாக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதால் முதலில் செய்துவிடுவது நல்லது.

மூடியைப் பாதி திறந்து கையை எடுத்துப் பாருங்கள். அங்கேயே நிற்கவேண்டும். மெல்ல இறங்கினால், மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங் களைத்துவிட்டது. மாற்றுவது சுலபம், ஆனால் மாற்றும்வரை அந்த மூடிக்குக் கீழே கை நீட்டாதீர்கள். கண்ணாடி மூடி உள்ள மாடலாக இருந்தால் விளிம்பு முழுவதும் விரலை மெதுவாக ஓட்டுங்கள். டெம்பர்டு கண்ணாடியின் விளிம்பில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும், ஒருநாள் சூட்டில் மொத்தமாகப் பொடியாகலாம்.

அப்புறம் ரப்பர் ஷீட். இதற்கு நிதானம் வேண்டும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடிக்க முடிந்தால் அடித்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். மூலைகளில் ரப்பர் அடிக்கடி மடிந்து விரிவதால் விரிசல் அங்கேதான் முதலில் வரும். இரண்டு விரலால் மூலையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் ரப்பரில் உயிர் இருக்கிறது. வெளிறி, சின்னச் சின்னக் கோடாக வெடித்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. உருகிக் காய்ந்த பசைக் கட்டி ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அந்தக் கட்டி ஒவ்வொரு படத்திலும் ஒரு பருவாக எழும்.

குளிர்ந்த நிலையில் வேக்குவம் சோதனை

ஹீட்டரைப் போடாமல் தொடங்குங்கள். படுகையில் ஃபெல்ட் அல்லது காற்று நுழையும் துணியை விரித்து மூடுங்கள். துணி இல்லாமல் மூடினால், ரப்பர் நேராகப் போய் உறிஞ்சும் துளையை அடைத்துவிடும். கேஜ் முழு வேக்குவம் காட்டும், படுகையின் அந்தக் கோடியில் காற்று அப்படியே நிற்கும். விற்கிறவர் வெறும் படுகையை மூடி "பாருங்க, முள் எங்கே நிக்குதுன்னு" என்றால் அதை ஏற்காதீர்கள்.

த்ரீ ஃபேஸ் பம்ப் என்றால் ஒரு நொடி மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, அம்புக்குறி காட்டும் பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயர் இடம் மாறியிருந்தால் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றி, எண்ணெயை ஹோஸ் வழியாகப் படுகைக்குத் தள்ளிவிடும்.

சரி, இப்போது ஓட்டுங்கள். தொடக்கத்தில் பம்ப் கரகரவென்று சத்தம் போடும். காற்று குறையக் குறையச் சத்தம் அடங்கி மெல்லிய தாளமாக மாறும். முள் ஏறும் வேகத்தைக் கடிகாரத்தோடு பாருங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் தன் உச்சத்தில் நிற்கவேண்டும். எத்தனை அங்குலம், எத்தனை நொடி என்று எழுதிவையுங்கள், பின்னால் உதவும்.

அடுத்து பிடிமானம். படுகைக்கும் பம்புக்கும் நடுவில் வால்வு இருந்தால் அதை மூடிவிட்டு பம்பை நிறுத்துங்கள். வால்வு இல்லாவிட்டால் ஹோஸை மடக்கி கிளாம்ப் போடுங்கள். இதைச் செய்யாமல் பம்பை மட்டும் நிறுத்தினால் பல மாடல்களில் வேக்குவத்தை விடுவிக்கும் ரிலீஸ் வால்வு தானாகத் திறந்துவிடும், அல்லது பம்ப் வழியாகவே காற்று திரும்பி வரும். அதைப் பார்த்து ரப்பர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடைத்த பிறகு ஐந்து நிமிடம் பாருங்கள். முள் ஓர் அங்குலம் இறங்கினால் கவலையே இல்லை, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை ஈடுகட்டிவிடும். கண்ணெதிரே சரசரவென்று இறங்கினால் கசிவைத் தேடவேண்டும்.

கோளாறு பம்பிலா, பிரஸ்ஸிலா?

இந்த ஒரு சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். ஹோஸைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றி, பம்பின் வாயில் உங்கள் சொந்த கேஜை நேராகப் பொருத்தி ஓட்டுங்கள். பம்ப் தனியாக 27, 28 அங்குலம் காட்டி, பிரஸ்ஸோடு சேர்ந்தால் 18இல் நிற்கிறது என்றால் கசிவு பிரஸ்ஸில். தனியாகவே 18தான் என்றால் பம்பில்தான் வேலை. இதைச் செய்யாமல், மூடியின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் பட்டையான கேஸ்கெட்டை மாற்றி, ரப்பரை மாற்றி, ஹோஸை மாற்றிக் கடைசியில் பம்புக்கு வருகிறவர்கள் நிறைய.

பிரஸ்ஸில்தான் கசிவு என்றால் அது பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும்: ஹோஸ் மாட்டும் முனைகள், மூடியைச் சுற்றிய கேஸ்கெட், ரிலீஸ் வால்வு. சோப்பு நுரை இங்கே உதவாது, உள்ளே இழுக்கப்பட்டுவிடும். மெல்லிய டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை கேஸ்கெட் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். பம்ப் சத்தத்தையும் மீறி, கசியும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற ஒலி சட்டென்று பெரிதாகக் கேட்கும். சந்தேகப்படும் இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிப் பாருங்கள். முள் ஏறினால் ஓட்டை அதுதான்.

ஒரே மூலையில் மட்டும் கசிகிறது, கேஸ்கெட்டும் நன்றாக இருக்கிறது என்றால் தரையைப் பாருங்கள். சமமில்லாத தரையில் நிற்கும்போது சட்டமே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், மூடி அந்த மூலையில் சரியாக உட்காராது. காலுக்கு அடியில் தகடு வைத்து மட்டம் பார்த்தாலே சில நேரம் எல்லாம் சரியாகிவிடும். விற்கிறவருக்கும் இது தெரியாமல், மெஷினைக் குறைத்துக் கொடுக்க முன்வரலாம்.

சூடு

டிரை மவுண்ட் டிஷ்யூக்களில் பெரும்பாலானவை 70 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் வேலை செய்பவை. பிளாஸ்டிக் பூச்சுள்ள சாதாரண ஃபோட்டோ பேப்பரை 93 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, பூச்சு இளகிப் பளபளப்பு போய்விடும். ஆகவே பத்து டிகிரி பிழை என்பது இங்கே சின்ன விஷயமில்லை.

தெர்மோஸ்டாட்டை 85இல் வைத்து, ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் விளக்கு நாலைந்து முறை அணைந்து எரியும்வரை காத்திருங்கள். முதல் முறை விளக்கு அணையும்போது தகடு அளவைத் தாண்டி எகிறியிருக்கும், அந்த அளவு பயன்படாது. பிறகு இரண்டு போர்டு துண்டுகளுக்கு நடுவில் தெர்மோகப்பிள் முனையை வைத்து, அதை பிரஸ்ஸுக்குள் வைத்து மூடுங்கள். டிஷ்யூ உட்காரும் அதே இடத்தின் சூடுதான் நமக்கு வேண்டும். துப்பாக்கி போலப் பிடித்துப் பார்க்கும் இன்ஃப்ராரெட் மீட்டர் பளபளக்கும் அலுமினியத் தகட்டில் மிகக் குறைவாகக் காட்டும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் தகட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறிவையுங்கள்.

நடு, நான்கு மூலை, நான்கு பக்கம் என்று ஒன்பது இடத்தில் அளந்து, படுகையின் படத்தை ஒரு தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் எழுதுங்கள். விளிம்பு கொஞ்சம் குளிர்ந்திருப்பது இயல்பு. ஐந்து டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் நல்ல மெஷின். ஒரு பட்டை முழுவதும் இருபது டிகிரி குறைவாக இருந்தால் எலிமென்ட் ஒன்று செத்திருக்கிறது. டயல் 85 என்று சொல்ல, எல்லா இடத்திலும் 78 இருந்தால் அது பெரிய குறையே இல்லை. டயலுக்குப் பக்கத்தில் உண்மையான அளவை எழுதி ஒட்டிக்கொண்டால் போதும். டயல் தவறாக இருந்தாலும் ஒரே மாதிரி தவறாக இருந்தால் வேலை நடக்கும். இன்றைக்கு 78, நாளைக்கு 90 என்று அலைகிற தெர்மோஸ்டாட்தான் மாற்றவேண்டியது.

சூடான பிறகு வேக்குவம் சோதனையை முழுதாக இன்னொரு முறை செய்யுங்கள். குளிரில் இறுக்கமாக இருந்த கேஸ்கெட் சூட்டில் இளகலாம், மூடி விரிந்து விலகலாம். குளிரில் மட்டும் சோதித்து வாங்கப்பட்ட மெஷின்களின் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும்.

ஒட்டிப் பார்த்தல்

படுகை அளவு போர்டில், அளந்த அதே ஒன்பது இடத்தில், உள்ளங்கை அளவு பிரிண்ட் துண்டுகளை டிஷ்யூவோடு வையுங்கள். மேலேயும் கீழேயும், பசை ஒட்டாத ரிலீஸ் பேப்பர் வைக்க மறக்கவேண்டாம். டிஷ்யூ தயாரித்தவர் சொல்லும் சூட்டில் வைத்து, மெக்கானிக்கல் பிரஸ்ஸுக்குச் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாக விடுங்கள். வேக்குவம் பிரஸ்ஸில் காற்று வெளியேறவும் நேரம் போகிறது, சூடு உள்ளே இறங்கவும் நேரம் போகிறது. எடுத்ததும் தட்டையான பலகைக்கு அடியில் வைத்து, பலகையின் மேல் எடை ஏற்றி ஆறவிடுங்கள்.

ஆறிய பின் ஒவ்வொரு துண்டின் மூலையையும் நகத்தால் கிளப்பி உரியுங்கள். பேப்பர் கிழிந்து, பாதி போர்டிலேயே நின்றால் ஒட்டு சரி. மேலிருந்து சூடாகும் பிரஸ்ஸில், டிஷ்யூ பிரிண்ட்டோடு வந்து போர்டு சுத்தமாகத் தெரிந்தால் சூடு அடிவரை இறங்கவில்லை, நேரத்தைக் கூட்டவேண்டும். இரண்டிலும் ஒட்டாமல் டிஷ்யூ தனியாக உருவி வந்தால் சூடே போதவில்லை. நடுவில் பிடித்து ஓரங்களில் மட்டும் விட்டால், வரைந்து வைத்த சூட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இடம் சூடாகவும் இருந்து ஒட்டவில்லை என்றால் ரப்பர் அங்கே சரியாக அமுங்கவில்லை. குமிழ் தெரிந்தால் உடனே மெஷினைக் குறை சொல்லவேண்டாம். பேப்பரிலும் போர்டிலும் இருக்கும் ஈரம்தான் பெரும்பாலும் காரணம். ஒட்டுவதற்கு முன் இரண்டையும் டிஷ்யூ இல்லாமல் ஓரிரு நிமிடம் பிரஸ்ஸில் வைத்து உலர்த்தினால் போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இப்படித்தான் இருக்கும்: ஹோஸ், கேஸ்கெட், கேஜ், தெர்மோஸ்டாட், ஸ்பிரிங் இவற்றில் எது போயிருந்தாலும் விலையில் குறைத்துக்கொண்டு வாங்கலாம். ரப்பர் போயிருந்தால், அந்த அகலத்துக்கு ஒட்டில்லாத ஒரே ஷீட் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே வாங்கவேண்டும். ஹீட்டர் தகடோ கண்ணாடியோ போயிருந்து, தயாரித்த கம்பெனியும் மூடியிருந்தால் விட்டுவிடுவேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மெஷினை வண்டியில் ஏற்றுமுன்பே பம்பின் ஆயிலை வடித்துவிடுங்கள். சாய்ந்தால் ஆயில் ஹோஸுக்குள் போகும். இறக்கிய பிறகு மட்டம் பார்த்து, புது ஆயில் ஊற்றுங்கள். வேக்குவம் பம்புக்கென்று விற்கும் ஆயில்தான் வேண்டும். வண்டி எஞ்சின் ஆயில் சூட்டில் ஆவியாகி வேக்குவத்தையே குறைத்துவிடும்.

ஆயிலின் நிறத்தை, பம்பில் ஆயில் தெரிவதற்காக வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக அவ்வப்போது பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் பேப்பரின் ஈரம் உள்ளே போய்க் கலந்திருக்கிறது. பம்பில் கேஸ் பலாஸ்ட் வால்வு (பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடும் வால்வு) இருந்தால் அதைத் திறந்துவைத்து அரை மணி நேரம் வெறுமனே ஓட்டுங்கள், ஈரம் ஆவியாக வெளியேறி நிறம் தெளியும். தெளியாவிட்டால் மாற்றிவிடுங்கள். கறுத்துப் போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆயில் இல்லாமல் கார்பன் வேன் (உள்ளே சுழலும் கார்பன் தகடுகள்) வைத்து ஓடும் பம்ப்களும் உண்டு. அவற்றில் ஒரு சொட்டு ஆயில்கூட விடக்கூடாது, கார்பன் பொடியோடு சேர்ந்து பசையாகி வேன்களை இறுக்கிவிடும். அவற்றுக்கு வேன் தேய்மானத்தை அளப்பதும் ஃபில்டரை மாற்றுவதும்தான் பராமரிப்பு.

சிலிக்கோன் ரப்பராக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, மெஷின் ஆறிய பிறகு துடைக்கலாம். தின்னர், பெட்ரோல் பக்கமே போகக்கூடாது. பசைக் கட்டியைப் பிளேடால் சுரண்டாதீர்கள். கட்டியின்மேல் பழைய போர்டு துண்டை வைத்து ஒரு முறை சூடாக அழுத்தினால், பெரும்பாலும் போர்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஊசி அளவு ஓட்டைக்கு சிலிக்கோன் சீலன்ட் வைத்து, ஒருநாள் முழுக்க விட்டு, பிறகு சூடேற்றுங்கள்.

கூர்மையான எதுவும் ரப்பருக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டேப்பிள் பின், வெட்டிய கண்ணாடித் துண்டு, பலகையின் சிம்பு எல்லாம் ஒன்பது டன்னுக்கு அடியில் ஆணியாகிவிடும். ரிலீஸ் பேப்பரை வாரம் ஒரு முறையாவது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பசைக்கறை இருந்தால் தூக்கிப் போடுங்கள். வேலை முடிந்ததும் வேக்குவத்தை விடுவித்து, மூடியைப் பூட்டாமல் லேசாகத் திறந்துவையுங்கள். இரவு முழுக்க அழுந்தியே கிடக்கும் கேஸ்கெட் சீக்கிரம் தட்டையாகி உயிர் போய்விடும்.

முதல் நாள் எழுதிவைத்த அங்குலத்தையும் நொடியையும் ஒரு அட்டையில் எழுதி மெஷினிலேயே தொங்கவிடுங்கள். மாதம் ஒரு முறை அதே சோதனையைச் செய்து கீழே எழுதிவாருங்கள். 50 நொடியில் ஏறியது 65, 80 என்று நீள ஆரம்பித்தால், படம் கெடுவதற்கு முன்பே ஆயிலையோ கேஸ்கெட்டையோ பார்க்க நேரம் கிடைக்கும். பல வாரம் ஓட்டாமல் கிடந்திருந்தால், அன்றைக்கு முதலில் பம்பை மட்டும் இருபது நிமிடம் வெறுமனே ஓட்டி, ஆயில் சூடான பிறகு இந்த அளவை எடுங்கள். குளிர்ந்த ஆயிலில் எடுத்த கணக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வரும்.